தண்ணி மாத்திரை

என் அப்பாவைக் குடிகாரர் ஆக்கியது நான்தான். சாராயம் வாங்கிக் கொடுத்து ஆக்கவில்லை, ஒரு மாத்திரைக்குப் பேர் வைத்து ஆக்கினேன்.

அப்பா தட்சிணாமூர்த்தி கடலூரில் ஒரு அரிசி ஆலையில் முப்பத்தொரு வருடம் மிஷின் ஓட்டியவர். பீடி, சிகரெட், பாக்கு எதுவும் கிடையாது. கல்யாண வீட்டில் பீடா கொடுத்தால்கூட அம்மாவிடம் நீட்டிவிடுவார். ஆனால் முப்பத்தொரு வருடத் தவிட்டுத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மிஷின் சத்தம் காதைப் பாதி வாங்கிக்கொண்டது. வேலையை விட்டு வந்த வருடமே மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தார். அப்புறம் கால் வீங்கியது. நுரையீரல் கெட்டுப்போனதில் இதயத்தின் வலது பக்கம் களைத்துவிட்டது, அதனால்தான் காலில் நீர் இறங்குகிறது என்று டாக்டர் சொன்னார்.

நான் டி.பார்ம் படித்தவள். சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மெடிக்கலில் ஒன்பது வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். செம்மண்டலத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்தான். என் பெயர் கயல்விழி. கடைக்கு வருபவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி. அதுவும் எனக்குத் தெரியும். மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கவரை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறவர்களிடம் சிரித்துப் பேச என்னால் முடியாது.

அப்பாவுக்கு டாக்டர் மூன்று மருந்து எழுதினார். காலையும் மாலையும் இழுக்க ஒரு பவுடர். அது கேப்சூலுக்குள் இருக்கும். சின்ன பிளாஸ்டிக் கருவியில் அந்தக் கேப்சூலைப் போட்டுத் திருகி, வாயில் வைத்து வேகமாக உள்ளே இழுக்க வேண்டும். திடீரென்று மூச்சு முட்டினால் அடித்துக்கொள்ள ஒரு நீல பம்ப். காலில் இறங்கும் நீரை வெளியேற்ற ஃபியூரோசமைடு, காலையில் ஒன்று.

முதல் இரண்டு நாள் அப்பா கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்கியிருக்கிறார். மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

"மாத்திர மாதிரி இருந்துச்சு, முழுங்கிட்டேன்" என்றார்.

"அப்ப அந்த பிளாஸ்டிக் எதுக்குன்னு நெனச்ச?"

"சும்மா குடுத்தாங்கன்னு நெனச்சேன். இந்தக் காலத்துல எது வாங்கினாலும் ஒண்ணு குடுக்கறாங்களே."

அன்றைக்கு அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். இதை விழுங்கக் கூடாது, இழுக்க வேண்டும். இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படிந்து புண்ணாகும். நீல பம்ப் அடித்தால் கை கொஞ்சம் நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பயப்படத் தேவையில்லை. ஃபியூரோசமைடைக் காலையில்தான் போட வேண்டும். போட்ட ஒரு மணி நேரத்தில் ஒண்ணுக்கு முட்டும், ஐந்தாறு மணி நேரம் அடிக்கடி போக வேண்டியிருக்கும், அடக்கக் கூடாது.

"பேரு என்னா சொன்ன? பூரியா?"

காது மந்தமான மனிதரிடம் ஃபியூரோசமைடு என்று நான்கு தடவை கத்தினால் யாருக்குமே பொறுமை போய்விடும். "தண்ணி மாத்திரை. ஒடம்புல தேங்குற தண்ணிய எறக்குற மாத்திரை. அவ்ளோதான்" என்றேன். கடையிலும் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வேன். பெயரைவிட நேரம் முக்கியம்.

அதிலிருந்து தினமும் காலை ஏழே முக்காலுக்கு, பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது அப்பாவுக்குப் போன் செய்வேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தெருப் பக்கத்து ஜன்னலில் வைத்துவிடுவார். அங்குதான் டவர் நன்றாக எடுக்கும். பஸ் சத்தத்தை மீறி நான் கத்துவேன்.

"இழுத்தாச்சா?"

"இழுத்தாச்சு."

"தண்ணி போட்டாச்சா?"

"போட்டாச்சு, கொப்பளிச்சாச்சு, எல்லாம் ஆச்சு, நீ பாத்துப் போ."

மாத்திரை என்ற சொல் எங்கள் பேச்சிலிருந்து எந்த மாதம் உதிர்ந்துபோனது என்று எனக்குத் தெரியாது. எனக்கு வேண்டியிருந்தது பதில்கூட இல்லை, அவருடைய மூச்சு. அந்தக் கடைசி வாக்கியத்தை நடுவில் நிற்காமல் சொல்லிவிட்டாரென்றால் அன்றைக்கு நெஞ்சு தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். நிற்காமல் வந்தால் நான் நிம்மதியாகக் கண்ணை மூடிப் புதுச்சத்திரம் வரை தூங்குவேன்.

இனி அறிவுமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளர். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க மாதம் ஒரு தடவை கடைக்கு வருவார். நான் சொல்வதை முழுதாகக் கேட்டு, சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போன ஒரே மனிதர் அவர்தான். ஒருநாள் எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, "சரியா இருக்காங்க?" என்றார். சிடுமூஞ்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை வந்தவர் வாரம் ஒரு தடவை வந்தார். ஒரு அட்டை இருமல் மிட்டாய்க்காக அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கிறவர் யாரும் இல்லை.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் கணக்கை அம்மா நிறுத்தியிருந்தாள். நான் வீட்டில் அறிவுமதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஒருவராகத்தான் பேச்சில் கொண்டுவந்தேன். ஒரு மாலை அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எங்கிட்ட எல்லாத்தையும் கத்திச் சொல்ற. அந்தப் பையன் பேர மட்டும் மெதுவா சொல்ற. எனக்கு எப்படிக் கேக்கும்?"

அவர் என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு, "அவுங்கள வரச் சொல்லு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு அறிவுமதியும் அவர் அம்மா தில்லையம்மாளும் வந்தார்கள். அப்பா எட்டு மணிக்கே மாத்திரை போட்டிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி தூக்கி வந்ததில் இரைத்ததால் நீல பம்பும் அடித்திருந்தார். காபி டம்ளரை நீட்டும்போது அவர் கை நடுங்கி, தில்லையம்மாளின் புடவையில் இரண்டு சொட்டு விழுந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அன்று பரபரப்பில் காலையில் இழுக்க வேண்டிய பவுடரை மறந்திருந்தார். அது ஞாபகம் வந்து ஒரு தடவை போனபோது இழுத்துவிட்டு, நான் சொல்லிக் கொடுத்தபடியே வாயை நன்றாகக் கொப்பளித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டைக் கரகரப்புக்கு ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு அது எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. மருந்துக் கடைக்காரிக்கு அது நல்ல நோயாளி ஒருவரின் ஒழுங்கான காலைப்பொழுது. தில்லையம்மாள் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது "யோசிச்சு சொல்றோம்" என்றார்.

வியாழக்கிழமை அறிவுமதி கடைக்கு வரவில்லை, போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஒங்க அப்பா குடிப்பாங்களான்னு அம்மா கேக்கறாங்க."

நான் அந்தக் கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் திரும்பச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அந்த நடுக்கத்தையும் கிராம்பையும் கொல்லைப்பக்கத்தையும் பார்த்த தில்லையம்மாளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. புதன்கிழமை காலையில் ஒருவருக்கும் சொல்லாமல் செம்மண்டலம் வந்து விசாரித்திருக்கிறார். சம்பந்தம் செய்கிற வீட்டைப் பற்றித் தெருவில் விசாரிப்பது எல்லோரும் செய்வதுதான். எங்கள் எதிர்வீட்டில் ஜான்சி தையல் கடை வைத்திருக்கிறாள். ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதுபோல் தில்லையம்மாள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். ஜான்சிக்கு எங்கள் அப்பாமேல் அவ்வளவு மரியாதை. அவளுக்குத் தெரிந்த நல்லதையெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"தங்கமான மனுஷன்க்கா. அந்தப் பொண்ணு தெனம் பஸ்ல போறப்ப போன் பண்ணி, தண்ணி போட்டாச்சா, இழுத்தாச்சான்னு கேட்டாதான் அதுக்குத் தூக்கம் வரும். அப்படி ஒரு பாசம்."

ஜான்சிக்கு அது என்ன தண்ணி, என்ன இழுப்பு என்று தெரியும், அவள் வீட்டிலேயே ஒரு ஆஸ்துமாக்காரர் உண்டு. அதனால் விளக்கம் சொல்ல வேண்டுமென்றே அவளுக்குத் தோன்றவில்லை. தில்லையம்மாள் அளவு ஜாக்கெட்டைக்கூட வாங்காமல் எழுந்து வந்துவிட்டார்.

"நான் சொன்னேங்க" என்றார் அறிவுமதி. "அது நீர் பிரியற மாத்திரை, இழுக்கறது மூச்சுக்குன்னு, ஒங்கப்பா மருந்தப் பத்தி நீங்க முன்னாடி சொல்லி நான் எழுதின நோட்டக் காட்டிச் சொன்னேன். அம்மா நம்ப மாட்டேங்கறாங்க. எங்கப்பாவும் பாட்டில்ல இருக்கறது இருமல் மருந்துன்னுதான் பன்னெண்டு வருஷம் சொன்னாராம். அதுலயேதான் செத்தாரு. மருந்துன்னு சொன்னாலே அவுங்களுக்கு ஆகறதில்ல."

அந்த அம்மாள் பட்டது எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் வந்தது. என் அப்பாவையா என்று வந்த கோபம். "நம்பாதவங்க வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்று மாலை கடையில் மூன்று பேரைக் கடித்து வைத்தேன்.

வீட்டில் அம்மா புஷ்பவள்ளிக்கு அதற்குள் தெரிந்திருந்தது. தில்லையம்மாள் எழுந்து போன விதத்திலேயே தன் பேச்சு தப்பாகப் போனது புரிந்து, ஜான்சியே வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். அம்மா அதை அப்பாவிடம் சொல்ல வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல முடியும். கத்திச் சொல்லியிருக்கிறாள். நான் உள்ளே நுழைந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போய் அந்தம்மாகிட்ட பேசட்டுமா?" என்றார்.

"நீ ஒண்ணும் பேச வேணாம்ப்பா. போனா போவுது" என்றேன். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காது மந்தம்தானே, கேட்காது என்று நினைத்து அழுதேன். சில சத்தங்கள் அவருக்கு நன்றாகக் கேட்கும் என்பதை மறந்துவிட்டேன்.

அறிவுமதி விடவில்லை. அம்மாவிடம் கெஞ்சியதில், கடைசியில் தில்லையம்மாள் ஒரு வழிக்கு வந்தார். அடுத்த வாரம் சனிக்கிழமை திருவந்திபுரம் கோயிலுக்குப் போவோம், அவர்களையும் வரச் சொல், ரெண்டு மணி நேரம் கூடவே இருந்து பார்க்கிறேன், அதற்குமேல் என்னைக் கேட்காதே என்று மகனிடம் சொல்லிவிட்டார். செய்தி வந்ததும் அப்பா "சரி" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாட்களில் ஏழே முக்கால் போன் வழக்கம்போலத்தான் நடந்தது. ஆனால் பதில்கள் சுருங்கிவிட்டன. "இழுத்தாச்சு." ஒரு இடைவெளி. "போட்டாச்சு." ஒரு இடைவெளி. "வெச்சுடறேன்." என்மேல் வருத்தமாக இருக்கிறார் என்று நினைத்தேன். டவர் சரியில்லை என்றும் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோதும் நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் கிடந்தேன். அவர் வேட்டியைக் கணுக்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்ததைப் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை. புதிதாக ஒரு செருப்பு வாங்கியிருந்தார். வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிசு. வயசானா லூசா இருந்தாதான் நல்லது என்றார், நானும் ஆமாம் என்றேன். ஒரு நாளைக்கு நூறு பேருக்குக் கால் வீங்குதா என்று கேட்கிறவள் நான்.

சனிக்கிழமை காலை கோயிலில் முகூர்த்தக் கூட்டம். ஒரே நேரத்தில் ஐந்தாறு மாப்பிள்ளை, ஐந்தாறு பெண், எல்லோரும் மாலையோடு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேவநாதப் பெருமாளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். அப்பா ஒரு தடவைகூட ஒதுங்கப் போகவில்லை. கை நடுங்கவில்லை. தில்லையம்மாள் தேங்காய் மூடியை நீட்டியபோது உறுதியாக வாங்கிக்கொண்டார். தில்லையம்மாளின் முகத்தில் ஒரு இளக்கம் தெரிந்தது. அறிவுமதி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். எனக்கும் மனசு உள்ளுக்குள் குதித்தது. பரவாயில்லை, இன்றைக்கு அப்பாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

"மலைக்கும் போயிட்டு வந்துடலாம்" என்றார் தில்லையம்மாள். எதிரில் இருக்கும் சின்ன மலையில் ஹயக்கிரீவர் சன்னிதி. எழுபது சொச்சம் படி. முழங்கால் வலி என்று அம்மா கீழேயே செருப்புகளோடு உட்கார்ந்துவிட்டாள்.

"நீ ஏறாதப்பா" என்றேன்.

"என்னா இப்ப. எழுபது படிதான" என்றார் அப்பா. இரண்டு துண்டாகச் சொன்னார்.

இருபதாவது படியில் என் பக்கத்தில் வந்தவர் முப்பதாவதில் பின்னால் போனார். நாற்பதில் திரும்பிப் பார்த்தபோது சுவரில் கை ஊன்றி நின்றிருந்தார். உதடு நாவல்பழம் தின்றவர்போல் இருந்தது. நான் இறங்கி ஓடுவதற்குள் படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் இரண்டும் ஏறி இறங்கின. சட்டைப்பைக்கு மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நெஞ்சு வலியோ என்று பயந்தேன். அப்படியில்லை. பையிலிருந்து பம்ப் வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று மூடிக்கொண்டிருந்தார்.

"எடுப்பா."

தலையை ஆட்டினார். கண்ணால் மேலே காட்டினார். மூன்று படி மேலே தில்லையம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுங்க... போவட்டும்."

அவர் கையை விலக்கிப் பைக்குள் கைவிட்டேன். பம்போடு ஒரு காகிதப் பொட்டலமும் வந்தது. அது படியில் விழுந்து பிரிந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சின்ன மாத்திரைகள். மருந்துக் கடைக்காரிக்கு எண்ணாமல் இருக்க முடியாது. ஒன்பது. வெள்ளிக்கிழமை தொடங்கி இந்தச் சனிக்கிழமை வரை ஒன்பது நாள்.

பம்பைக் குலுக்கினேன். மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னதை அன்று அவருக்குச் சொன்னேன். "மூச்ச முழுசா வுடு. இப்ப மெதுவா இழு. நிறுத்து, பத்து எண்ணு." நான்தான் எண்ணினேன். நான்கில் விட்டுவிட்டார். மறுபடி. இரண்டாவது தடவை ஏழு வந்தது. அறிவுமதி ஆட்டோவைக் கூப்பிடக் கீழே ஓடினார்.

"ஏம்ப்பா போடல?"

"போட்டா... எழுந்து எழுந்து போவணும்." மூச்சு வாங்கினார். "எவன் எப்ப வந்து... விசாரிப்பான்னு... தெரியாதுல்ல. அதான் தெனமும்..."

"அப்ப தூக்கிப் போட வேண்டியதுதான, எதுக்குப் பையில வெச்சிருக்க?"

"நீ வாங்கியாந்தது." அவர் என்னைப் பார்க்காமல் படியைப் பார்த்தார். "தூக்கிப் போட... மனசு வரல."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் முதலில் வந்தது, என் சுபாவம் அது. மேலே நின்றவரைப் பார்த்துத் திரும்பினேன்.

"பாத்துக்குங்கம்மா. இதத்தான் எங்கப்பா இழுக்குறாரு. இத அடிச்சாதான் கை நடுங்கும். இதோ கெடக்கு பாருங்க, இதுதான் தண்ணி. ஒடம்புத் தண்ணி எறங்கறதுக்கு. அந்தப் பேர வெச்சது நான். நீங்க பாத்துடக் கூடாதுன்னு ஒம்போது நாளா போடாம, இப்ப நெஞ்சு வரைக்கும் தண்ணி ஏறி உக்காந்திருக்காரு. எனக்கு ஒங்க வீடு வேணாம். எங்கப்பா போதும்."

தில்லையம்மாள் மூன்று படியும் இறங்கி வந்தார். அப்பாவின் காலடியில் குந்தி உட்கார்ந்து, வேட்டியைக் கொஞ்சம் விலக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிதறிக் கிடந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தார்.

"எம் புருஷன் எனக்காக ஒரு நாள் குடிய நிறுத்தினதில்ல" என்றார், யாரையும் பார்க்காமல். "இந்த மனுஷன் மகளுக்காக மூச்சையே நிறுத்தப் பாத்திருக்காரு."

பிறகு அப்பாவின் கையைப் பிடித்தார். "எழுந்திருங்கண்ணே. மெதுவா. எம் மேல சாஞ்சுக்குங்க."

அண்ணே என்று அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னார்.

கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். புகைபோல் வரும் மருந்தை மாஸ்க் வழியாகக் கொடுத்தார்கள். அதே ஃபியூரோசமைடை நரம்பில் ஊசியாகப் போட்டார்கள். ஊசியில் போனால் ஐந்து நிமிடத்தில் வேலை செய்யும். சிறுநீரை அளந்து எழுத ஒரு கேன் கொடுத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தில்லையம்மாள் நர்ஸ் போகும்போதெல்லாம் நிறுத்திக் கேட்டார். பகல் இரண்டு மணிக்கு எழுந்து வந்து என் அம்மாவின் தோளைத் தட்டினார்.

"ஒண்ணே கால் லிட்டர் எறங்கிடுச்சாம்" என்றார். மகனுக்கு வேலை கிடைத்த செய்தியை அவர் இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

அப்பாவுக்கு மூச்சு சீரானபின் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"வெளிய போற நாள்ல காலைல போட வேண்டியத திரும்பி வந்து பதினோரு மணிக்கோ பன்னெண்டு மணிக்கோ போட்டுக்கலாம்ப்பா. ஒண்ணும் ஆவாது."

அவர் மாஸ்க்கை விலக்கினார். "நீதான காலைலதான் போடணும்ன?"

ஆமாம், நான்தான் சொன்னேன். பஸ்ஸில் போகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், எல்லோருக்கும் நேரத்தை மாற்றிப் போடலாம் என்று கவுண்டரில் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் இருந்தவருக்குச் சட்டத்தை மட்டும் சொன்னேன், சலுகையைச் சொல்லவில்லை. அவரும் என் வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார். அவர் கையில் முகத்தை வைத்து அழுதேன். அவர் இன்னொரு கையால் என் தலையைத் தட்டினார். அந்தக் கை லேசாக நடுங்கியது, மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கல்யாணம் திருவந்திபுரத்திலேயே நடந்தது. முகூர்த்தம் ஏழரை. "அண்ணனுக்குப் பதினொண்ணரைக்குத் தண்ணி" என்று தில்லையம்மாள் ஊர்கூடி நின்ற இடத்தில் சொன்னார். மண்டபத்தில் பாத்ரூமுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் யாரும் உட்காராதபடி தன் பையை வைத்துக் காவல் காத்தார். அவர் சொந்தக்காரர்கள் சிலர் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இப்போது நான் சிதம்பரத்தில் இருக்கிறேன். பஸ் இல்லை, கடைக்கு நடந்தே போகலாம். ஏழே முக்கால் போன் மட்டும் நிற்கவில்லை. அதை இப்போது செய்வது என் மாமியார். நீர் மாத்திரை என்று சொல்லுங்கள் அத்தை என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதில்லை. வாசலில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறார்.

"அண்ணே, இழுத்தாச்சா? தண்ணி போட்டாச்சா?"

நான் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பேன். ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் வரும்.

"இழுத்தாச்சு, தண்ணி போட்டாச்சு, கொப்பளிச்சாச்சு, எல்லாம் ஆச்சும்மா, கயலு கெளம்பிடுச்சா?"

நடுவில் எங்கும் நிற்கவில்லை. நான் அடுப்படிக்குத் திரும்பிப் போகிறேன்.